டூலியோ எழுதிய ஊர்கள்

என் கணவன் லிவியோ அந்த வெஸ்பா ஸ்கூட்டரைக் கண்டுபிடித்தது கார்ஸோ மேட்டில், ஒரு கோழிக்கூண்டுக்குள். ஐம்பத்தேழாம் வருடத்து வண்டி. இருக்கை முழுக்கக் கோழி எச்சம். கால் வைக்கும் தளத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. எங்கள் கடலோர ஊரான முஜ்ஜாவில் வீட்டின் கீழ்த்தளத்து ஷெட்டில் அதை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"மொத்தமும் சுரண்டி எடுத்துட்டு சிவப்பு அடிச்சிடலாம். நல்ல தக்காளிச் சிவப்பு."

"சிவப்பு அடிச்சா நீ மட்டும் ஓட்டிக்கோ. நான் பின்னால உக்கார மாட்டேன்" என்றேன்.

நான் இருபத்தேழு வருடம் ஒரு கார் பெயின்டிங் பட்டறையில் வண்ணம் கலந்தவள். முதலாளி இறந்து பட்டறையை மூடிய பிறகு வீட்டில்தான் இருந்தேன். லிவியோ துறைமுகத்தில் காப்பிக் கிடங்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய ஸ்கூட்டர்காரர்களின் கிளப் ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். மருந்துக்கடைக்காரர், நோட்டரி, பல் டாக்டர் என்று அங்கே எல்லாரும் பெரிய ஆட்கள். அவர்கள் நடுவில் இவன் மூட்டைக் கணக்குப் பார்த்தவன். அந்தச் சங்கடம் அவனுக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும்.

ஈரத்துணியால் எச்சத்தைத் துடைத்ததும் அடியில் பழைய பெயின்ட் தெரிந்தது. ஒலிவ இலையின் அடிப்பக்கம் போன்ற பச்சை. வெயிலில் வெளுத்திருந்ததே தவிர உயிரோடுதான் இருந்தது. அதை அழிக்கக் கூடாது, துருவை மட்டும் எடுத்து, பெயின்ட் போன இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னேன்.

"உன்னால முடியுமா?" என்றான்.

"உன்னால முடியாது. அது மட்டும் தெரியும்."

சிரித்தான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஷெட்டில்தான் இருந்தேன். பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் எண்ணெய் தொட்டு மேல் துருவை எடுத்தேன். ஆழமாக இறங்கிய இடங்களில் துருவைக் கறுப்பாக்கி நிறுத்தும் மருந்தைப் பல்குச்சி முனையால் வைத்தேன். பிரஷ்ஷால் வைத்தால் நல்ல பெயின்ட்டின் விளிம்புக்குள் புகுந்து அதையும் தூக்கிவிடும். ஹாரனுக்கு அடியில் வெயில் படாத இடத்தில் அசல் நிறம் கிடைத்தது. ஆனால் அந்த நிறத்தையே எல்லா இடத்திலும் தொட்டு வைத்தால் பழைய சட்டையில் புதுத்துணி ஒட்டுப் போட்டது போல இருக்கும். மட்கார்டுக்கு ஒன்று, இன்ஜினை மூடும் பக்கக் கூட்டுக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று என்று மூன்று கிண்ணங்களில் மூன்று பச்சை கலந்தேன். மெல்லிய தூரிகையால் ஆறு ஏழு தடவை அடுக்கு அடுக்காக வைத்து, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு நைசான ஈர உப்புத்தாளால் தடவிச் சமம் செய்தேன். ஒரு காசளவு இடத்துக்கு நாலு நாள் ஆகும்.

எங்கள் ஊர்க் குளிர்காலப் புயலான போரா காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போகிற நாட்களில் லிவியோ காப்பி எடுத்துக்கொண்டு இறங்கி வருவான். கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து செய்தித்தாளில் மரண அறிவிப்புகளை உரக்கப் படிப்பான்.

"பல் டாக்டரோட அண்ணன் போயிட்டானாம் நீவெஸ். அவனும் பல்லு பிடுங்குறவன்தான், என் பல்லு ஒண்ணு அவன்கிட்டதான் இருக்கு."

"போய்க் கேளு. பெட்டியை மூடுறதுக்குள்ள குடுத்துடுவாங்க."

இப்படியே பேசிக்கொண்டிருப்போம். முப்பத்தோரு வருடக் கல்யாணத்தில் அதுதான் எங்களுக்கு நல்ல குளிர்காலம். அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு அவ்வளவு உறைத்தது.

மே மாதம் கிராதோவில் பழைய ஸ்கூட்டர்களின் கூட்டம். கடற்கரைச் சாலையில் நூற்றுக்கு மேல் வண்டிகள் நின்றன. நடுவராக வந்தவர் பெர்தோட்டி என்று ஊதினே ஊர்க்காரர், கண்டிப்பான மனிதர். எங்கள் வண்டிக்கு முன் மண்டி போட்டு, கைவிளக்கை அடித்து அடித்துப் பார்த்தார். எழுந்திருக்கவே பத்து நிமிடம் ஆனது.

"இது யார் வேலை?"

நான் இரண்டடி தள்ளி, ரொட்டிப் பையோடு நின்றேன். லிவியோவைச் சுற்றி நோட்டரியும் மருந்துக்கடைக்காரரும் நின்றார்கள்.

"நான்தான்" என்றான் லிவியோ. "சாயங்காலம் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமா."

"ஹாரன் பக்கத்துல இந்த நிறம் எப்படிப் பிடிச்சீங்க? எனக்கு ஒட்டே தெரியலையே."

"கண்ணுதான் சார். கண்ணாலதான்." பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "என் வீட்டுக்காரியும் உதவினா. கந்தல் துணி எடுத்துக் குடுத்தா" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்புகூட இல்லை, அன்பான சிரிப்பு. நானும் சிரித்தேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, என்னைத்தான் சொல்கிறேன். சிறந்த அசல் வண்டி என்று ஒரு பித்தளைத் தகட்டை அவனுக்குக் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்ன?"

"அட, என்ன சொல்லிட்டேன்? வண்டி நம்மளோடதுதானே. யாரு செஞ்சா என்ன?"

"அப்ப என் பேரைச் சொல்லியிருக்கலாமே."

"அத்தனை பேர் முன்னாடி, பொண்டாட்டிதான் செஞ்சா, நான் பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருந்தேன்னு சொல்லச் சொல்றியா?"

ஒரு மாதம் வீட்டில் உப்பு, ரொட்டி, கரண்ட் பில் தவிர வேறு பேச்சில்லை.

ஜூன் கடைசியில் பெர்தோட்டி அனுப்பியதாகச் சொல்லி ஒரு வயதான பெண் வந்தார். பெயர் லீச்சியா. எழுபத்தேழு வயது, கல்யாணம் ஆகாதவர். மருமகனின், அதாவது தம்பி மகனின், வேனில் ஒரு வெஸ்பாவை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அது அவருடைய அண்ணன் டூலியோவின் வண்டி. டூலியோ இருபத்து நாலு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். முன் தகட்டின் உள்பக்கத்தில், ஓட்டுகிறவனின் கண்ணுக்கு நேராக, தான் அந்த வண்டியில் போன ஊர்களையெல்லாம் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தான். கொஞ்சம் கோணலான எழுத்து. மேலிருந்து கீழாகப் பதினோரு ஊர்கள். அவற்றுக்கு நடுவில் பெயின்ட் கொப்புளித்துத் துரு எட்டிப் பார்த்தது.

"துரு நிக்கணும். ஆனா எழுத்து மேல கை படக் கூடாது" என்றார் லீச்சியா. "முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"இதெல்லாம் நமக்குச் சாதாரணம் சிஞோரா" என்றான் லிவியோ.

வேன் போனதும் மேலே வந்தான். நான் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ஆரம்பிக்கிறியா?"

"எதை?"

"அந்தக் கிழவியோட வண்டியை."

"உன்கிட்டதானே குடுத்தாங்க. நீதான் செய்யணும். கந்தல் துணி வேணும்னா எடுத்துத் தரேன்."

"நீவெஸ், விளையாடாத."

"கண்ணுதான்னு சொன்னியே. கண்ணு இருக்குல்ல?"

கெஞ்சினான், கோபப்பட்டான், இரண்டு நாள் சாப்பிடாமல் வீம்பு பிடித்தான். நான் அசையவில்லை. பெர்தோட்டிக்கு போன் செய்து முடியவில்லை என்று சொல்லிவிடுவான், அந்த அவமானம் அவனுக்கு வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அந்த போனைச் செய்ய அவனால் முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை கீழே டிரில் மெஷின் சத்தம் கேட்டது. முனையில் கம்பிச் சக்கரம் மாட்டியிருக்கிறான் என்பது அந்த இரைச்சலிலேயே எனக்குத் தெரிந்தது. அதற்கு முந்திய நாளே துரு மருந்தின் புளித்த வாடை படிக்கட்டு வரை வந்திருந்தது. பல்குச்சியால் வைக்க வேண்டியதைக் கொட்டிப் பூசியிருக்கிறான். மருந்து பெயின்ட்டுக்கு அடியில் புகுந்து எழுத்தைத் தூக்கியிருக்கும். இப்போது தூக்கியதைத் தேய்க்கிறான்.

படிக்கட்டு பதினாலு படி. நான் அடுப்பு முன்னால் நின்று சூப்பைக் கிளறினேன். கீழே போய் "நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேலே இருந்த நாலைந்து ஊர்களாவது பிழைத்திருக்கும். "செய்யட்டும், நல்லா செய்யட்டும்" என்றுதான் என் மனம் சொன்னது. சத்தம் நின்றது. பிறகு ஸ்பிரே டப்பாவைக் குலுக்கும் ஓசை கேட்டது.

மறுநாள் இறங்கிப் பார்த்தேன். முன் தகட்டின் உள்பக்கம் பளபளவென்று ஒரே பச்சை. ஒரு எழுத்துகூட இல்லை. லிவியோ பெட்டியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திட்டவாவது செய், ஏதாவது சொல்லு" என்றான்.

நான் படியேறி மேலே போய்விட்டேன்.

லீச்சியா சனிக்கிழமை வந்தார். தகட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கையை நீட்டி அந்தப் பளபளப்பைத் தொட்டார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"இது யாரு செஞ்சது?" என்று மெதுவாகக் கேட்டார்.

லிவியோ தொண்டையைச் செருமினான். "பெயின்ட் வேலையெல்லாம் என் மனைவிதான் சிஞோரா. அவ பட்டறையில இருந்தவ. நான் அதுல கை வைக்கிறதில்ல."

முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்த மனிதனின் முகத்தை நான் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"நான் இதைத் தொடவே இல்ல" என்றேன்.

"இப்ப இப்படித்தான் சொல்லுவா" என்றான் லிவியோ.

லீச்சியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். "அவர் செய்யும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"மேல. சமையலறையில."

"சத்தம் கேக்கலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கேட்டுச்சு" என்றேன்.

"என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவர் தலையை ஆட்டினார். யார் சொல்வது உண்மை என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் அதனால் எனக்கு எந்த நன்மையும் ஏற்படவில்லை.

நான் அவசரமாகப் பேசினேன். "போட்டோ இருந்தா குடுங்க. அதே எழுத்து, அதே கோணல், அப்படியே எழுதித் தரேன். வித்தியாசம் தெரியாது."

"போட்டோவா? அறுபது வருஷமா ஷெட்டைத் திறந்தா அங்க இருக்கு. தினம் பாக்கிறதைப் போய் யாராவது போட்டோ எடுப்பாங்களா?" என்றார். பிறகு, தனக்குள் சொல்லிப் பார்ப்பது போல ஆரம்பித்தார். "ஊதினே. கொரீட்ஸியா. லூப்ளியானா. கிளாகன்ஃபுர்ட். கிராட்ஸ்..." அங்கே நின்றார். விரலை மடக்கினார். "கிராட்ஸ்... அதுக்கப்புறம் வியன்னா இல்ல. நடுவுல ஒண்ணு இருக்கு."

காத்திருந்தோம். மருமகன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். லீச்சியாவின் உதடுகள் மட்டும் அசைந்தன.

"சின்னப் பேரு. வரமாட்டேங்குது" என்றார். அப்போதுதான் அழுதார்.

வண்டியை ஏற்றும்போது லிவியோ கை கொடுக்கப் போனான். மருமகன், "வேணாம், தொடாதீங்க" என்றான்.

அன்று மதியம் லிவியோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "நல்ல வேளை, வக்கீல் அது இதுன்னு பேசல" என்றான். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கிளப் செயலாளருக்கு போன் செய்து, கிராதோவில் பரிசு வாங்கிய வேலை என்னுடையது, லீச்சியாவின் வண்டியைக் கெடுத்தது லிவியோ என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லார் வீட்டுலயும் அப்படித்தானே சிஞோரா. என் டையைக்கூட என் மனைவிதான் கட்டி விடுறா. இதையெல்லாம் பெருசு பண்ணா நம்ம கிளப்புக்குத்தான் கெட்ட பேரு" என்றார்.

ஒரு வாரம் பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிராட்ஸிலிருந்து வியன்னா போகும் சாலையில் உள்ள ஊர்களையெல்லாம், பெரிதும் சிறிதுமாக முப்பத்தெட்டு பெயர்களை எழுதி லீச்சியாவுக்கு அனுப்பினேன். மன்னிப்பும் கேட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. "இதில் அந்தப் பெயர் இல்லை. அல்லது இருந்தும் எனக்குத் தெரியவில்லை. இனி எழுதாதீர்கள்."

செப்டம்பரில் மொன்ஃபல்கோனேயில் ஒரு பட்டறையில் வண்ணம் கலக்க ஆள் கேட்டார்கள். போய்ச் சேர்ந்துகொண்டேன். பட்டறைக்கு மேலேயே ஓர் அறை. விவாகரத்து என்று யாரும் பேசவில்லை. இந்த வயதில் அதற்கும் தெம்பு வேண்டும். லிவியோ கிளப்பில் துணைத்தலைவர் ஆகிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். கம்பளி எந்த அலமாரியில் இருக்கிறது, பாய்லருக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்பான். சொல்வேன்.

போன ஞாயிறு பாய்லர் விஷயத்தைக் கேட்ட பிறகும் போனை வைக்கவில்லை.

"நீ அன்னிக்குக் கீழ வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீவெஸ்" என்றான்.

"ஆமா. சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அங்கே காற்று அதிகமா என்று கேட்டேன். அதிகம்தான் என்றான்.