திதி வீட்டுக்கு வந்த பீச் டப்பா

குவாக் சுனிமுக்கு ஆறு கவிதைத் தொகுப்பு, பதினொரு நாவல், அலமாரி கொள்ளாத விருதுகள். அதில் ஒரே ஒரு நாவல்தான் கொரியாவையே அழவைத்தது. சாகக்கிடக்கிற அம்மாவுக்கு மகள் டப்பாவில் அடைத்த பீச் பழத்தை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுகிற கதை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வாசகர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு சும்மா போவதில்லை. ஒரு பீச் டப்பாவை அவள் கையில் திணித்துவிட்டுத்தான் போவார்கள்.

நிஜத்தில் ஊட்டியது மகள் இல்லை, மகன். தம்பி தெகியூன். குன்சான் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன். அன்றைக்குச் சுனிம் சியோலில் ஒரு விருது மேடையில் இருந்தாள். இரண்டு வருஷம் கழித்து நாவல் வந்தது, தம்பி பேச்சை நிறுத்தினான். எட்டு வருஷமாக அம்மாவின் திதிக்கு அழைப்பே கிடையாது. இந்த வருஷம் திடீரென்று போன் செய்து, "வா" என்றான், வைத்துவிட்டான்.

ரயிலில் அவளுக்கு இருந்தது ஒரே கவலை. அம்மா முன்னால் விழுந்து கும்பிட விடுவானா? அம்மா போன அன்றும் அவளுக்கு அழுகை வரவில்லை. ஊரே அழுத பக்கங்களைக்கூடக் கண் கலங்காமல்தான் எழுதினாள். அங்கே போயாவது இந்த மரத்துப்போன நெஞ்சு அசைந்தால் தேவலை என்றிருந்தது.

ஸ்டேஷனில் ஒரு டீச்சரம்மா அவளை அடையாளம் கண்டு, ஓடிப்போய்க் கடையிலிருந்து ஒரு டப்பா வாங்கிவந்து நீட்டினாள். பழக்கதோஷம், சுனிம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அடுக்களையில் பையைப் பிரித்த தம்பி பெண்டாட்டி மிஹ்வா அலறினாள். "ஐயையோ, என்ன அண்ணி இது! பீச்சா? திதி வீட்டுக்குள்ளயா?"

பீச் பழம் இருக்கிற வீட்டில் ஆவி காலெடுத்து வைக்காது என்பது அங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"யோசிக்காம வாங்கிட்டேன்மா."

தெகியூன் எட்டிப் பார்த்தான். எட்டு வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. "அம்மா நாலு மாடி ஏறி வந்து, வாசல்லயே திரும்பிப் போகட்டும்னு கொண்டாந்தியா? கீழே கொண்டுபோய் வை."

அவளே இறங்கிப்போய்க் கடைசிப் படியில் டப்பாவை வைத்துவிட்டு மூச்சு வாங்க ஏறிவந்தாள். கதவு திறந்தே இருந்தது. அம்மா வருவதற்காகத் திறந்த கதவு. தனக்கும் சேர்த்துத்தானா என்று புரியாமல் வெளியிலேயே நின்றாள்.

"என்ன நிக்கிற? அம்மாவே வந்திருப்பா. எப்பவும்போல நீதான் இன்னும் வரல."

உள்ளே போனாள். படையல் மேஜையில் சூப், பொரித்த மீன், தலை சீவிய பேரிக்காய். நடுவில், அம்மாவின் ஆவி வந்து உட்கார, அவள் குலப்பெயர் எழுதிய காகிதம். தெகியூன் சாராயம் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கினான்.

"கும்பிடு."

நாலு தடவை விழுந்து எழுந்தாள். முழங்கால் வலித்தது. வேறொன்றும் இல்லை. அவ்வளவுதானா என்று வெட்கமாக இருந்தது. காகிதத்தைக் கொளுத்தி அம்மாவை வழியனுப்பியாயிற்று.

சாப்பிட உட்கார்ந்ததும் தெகியூன் எழுந்து கீழே போனான். டப்பாவோடு திரும்பி வந்து அதைத் திறந்தான்.

"அம்மா கிளம்பியாச்சு. இனிமே தப்பில்ல. வாயைத் திற."

"என்னடா இது?"

"திற அக்கா." ஒரு ஸ்பூன் பாகை ஊட்டினான். "பழம் ஊட்டினதா எழுதியிருக்க. அவளுக்கு ஏது பல்லு? வெறும் பாகுதான். ஒவ்வொரு ஸ்பூனுக்கும், 'சுனிம் வந்துட்டாளா'ம்பா. 'கிளம்பிட்டா, இப்பத்தான் சுவோன் தாண்டுறா'ன்னேன். அடுத்ததுக்கு சொனான். நீ அங்க பூச்செண்டு வாங்கிட்டு நின்ன. நான் இங்க உன்னை ரயிலேத்தி ஒவ்வொரு ஸ்டேஷனா இழுத்துட்டு வந்தேன்."

சுனிமின் கை தன்னால் பைக்குள் நோட்டைத் தேடியது. மிஹ்வா அதைப் பார்த்துவிட்டாள். சுனிம் கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொனான்," என்று அவன் அடுத்த ஸ்பூனை நீட்டினான். விழுங்கினாள். "ஹோங்சோங்." விழுங்கினாள். "தேசோன்." அவன் சொல்லாமலே வாயைத் திறந்தாள். டப்பாவைச் சாய்த்து, அடியில் இருந்ததை வழித்து எடுத்தான்.

"ஜாங்ஹாங். இதோட கண்ணை மூடிட்டா."

ஜாங்ஹாங்குக்கு அடுத்த ஸ்டேஷன் இந்தக் குன்சான்தான்.

"இன்னும் ஒரே ஒரு ஸ்பூன் குடுடா," என்றாள் சுனிம்.

தெகியூன் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினான்.