கழுவிய கண்ணாடிகள்

அப்பாவின் சட்டைக் காலர் பொத்தானை மாட்ட சாம்சனால் முடியவில்லை. கழுத்து விறைத்துவிட்டது. கடைசியில் பொத்தானை அப்படியே விட்டு, டையை இறுக்கி மறைத்தான். மறைப்பதில் அவன் கைதேர்ந்தவன்தான்.

காலையில் காப்பி கேட்டுவிட்டு, காப்பி வருவதற்குள் சுந்தரராஜ் போய்விட்டார். வயது தொண்ணூற்று மூன்று. கல்யாணச் சாவு என்றார்கள் பக்கத்து வீட்டில். சாம்சனுக்கு அது ஆறுதலாக இல்லை. அப்பாவிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று முப்பத்தொன்பது வருடமாக நாள் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல நாள் பார்த்தது போதும் என்று அவர் கிளம்பிவிட்டார்.

சுந்தரராஜ் சங்கரன்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். சுதந்திரம் வந்த புதிதில் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு, மூன்றுகால் கேமராவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கிணறு வெட்டுகிறவர்கள், ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிற பெண்கள், முதல் தேர்தலில் ஓட்டுப்போட வரிசையில் நின்றவர்கள் என்று கண்டவர்களையெல்லாம் எடுத்தார். அப்போது நெகட்டிவ் எல்லாம் கண்ணாடித் தகட்டில்தான். சோறு போடாத படம் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"கொடியேத்துதத எல்லாவனும் எடுப்பான். கீழ நிக்கவன எவன் எடுப்பான்?" என்பார் அவர்.

சாம்சனுக்கு இருபத்திரண்டு வயதில் ஓர் ஆடித்தபசு. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீடுதான், ஆனால் தபசுக் கூட்டம் ஊருக்கே பொது. ஸ்டுடியோ வாசலில் கோமதியம்மன் படத்துக்கு பிரேம் போட்டு விற்றுக்கொண்டிருந்தான். பாதித் திருவிழாவில் கண்ணாடி தீர்ந்துபோனது. அப்பா கண் ஆபரேஷனுக்கு மதுரை போயிருந்தார். உள்ளே பெட்டியில் அப்பாவின் கண்ணாடித் தகடுகள் இருநூறு, அம்மன் படத்துக்கு அளவெடுத்து வெட்டிய மாதிரி. வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊறப்போட்டான். படங்கள் பாலாடைபோல உரிந்து வந்தன. தன் சமர்த்தை அன்று தானே மெச்சிக்கொண்டான்.

செய்தது என்னவென்று உறைக்க ஒரு வருடம் ஆனது. வெறும் பெட்டிக்கு ஆணியடித்துப் பரணில் ஏற்றினான். அப்பா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார் என்று சாம்சன் நம்பினான். நம்புவது வசதியாக இருந்தது.

பத்து மணிக்கு ஐஸ் பெட்டி வந்தது. அப்பாவை அதில் கிடத்திக் கண்ணாடி மூடியைப் போட்டபோது, மகள் ஜாய்ஸ் வந்தாள்.

"அப்பா, குருவிகுளத்துல இருந்து ஒரு தாத்தா வந்துருக்காவ."

துண்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றவருக்கு எழுபதை ஒட்டிய வயது. பெருமாள்சாமி என்றார். வருடா வருடம் தபசுக்கு வந்து, பெரியவரைப் பார்க்காமல் போனதில்லையாம். ஐஸ் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு சாம்சன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மொத ஓட்டுக்கு எங்கம்மா வரிசையில நின்னா தம்பி. அவ சேலையப் பிடிச்சுக்கிட்டு நானும் நின்னேன். ஒங்கப்பா படம் எடுத்தாவ. அடுத்த வருசமே அம்மா செத்துப்போனா. அவளுக்கு வேற படம் கெடையாது."

சாம்சன் ஐஸ் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்தப் படத்தத்தான் கேட்டுக்கிட்டு வருவேன். மொதல்ல, தேடுதேன்னு சொன்னாவ. பொறவு ஒரு வருசம், என் கையில இருந்தே நழுவி ஒடஞ்சுட்டு, என்னைய மன்னிச்சிருய்யான்னு கையப் பிடிச்சுக்கிட்டாவ. மகன்ட்ட கேட்டுப் பாக்கட்டான்னேன். அவன்ட்ட மட்டும் கேக்காத, தாங்க மாட்டான்னு சொல்லிட்டாவ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவைத்து, அந்தச் சோற்றை அப்பாவுக்கே இத்தனை வருடம் பரிமாறியிருக்கிறோம் என்று சாம்சனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுப் போயிருக்கிறார். அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அவுக ஒடைக்கல," என்றான். "நாந்தான் கழுவிட்டேன். சாமி படத்துக்குக் கண்ணாடி வேணும்னு எல்லாத்தையும் கழுவிட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. பெருமாள்சாமி இன்னும் நெருங்கி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்பம் கடசியா அவளப் பாத்தது நீங்கதான். மூக்குத்தி போட்டுருந்தாளா தம்பி? அன்னைக்கு நான் கேமராவயே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். அவ மொகம் எனக்கு நெனப்புல இல்ல."

போட்டிருந்தாள் என்று சொல்லிவிடலாம். அப்பாவாக இருந்தால் சொல்லியிருப்பார். சாம்சனுக்கு நினைவிலிருந்தது சோடா பட்டு எரிந்த தன் விரல்கள்தான். ஒரு கண்ணாடியைக்கூட அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததில்லை.

"பாக்கலய்யா," என்றான். "ஒண்ணக்கூடப் பாக்கல."

பெருமாள்சாமி கையை ஊன்றி எழுந்து ஐஸ் பெட்டியருகே போனார். மூடியில் நீர் பூத்து, உள்ளே அப்பாவின் முகம் மங்கியிருந்தது. துண்டால் அந்த இடத்தை மட்டும் அழுத்தித் துடைத்தார்.

"வாங்க தம்பி. நல்லாப் பாத்துக்கிடுங்க."

சாம்சன் வந்து குனிந்தான். அப்பாவின் இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடி மறுபடியும் மங்கிக்கொண்டு வந்தது. பெருமாள்சாமி மறுபடியும் துடைத்தார்.