பேகத்தின் காது

கர்னல் கில் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பேலன்ஸ் அருமை, நடையும் அருமை," என்றார் இந்தியில். "ஆனால் குதிரை உன் பேச்சைக் கேட்கவில்லை, நெல்லை. ஓரத்தில் நின்று படிக்கிறவன் பேச்சைக் கேட்கிறது. அடுத்த ஞாயிறும் இப்படியென்றால் பேகம் ரெக்ரூட்டுகளுக்கு."

ரெக்ரூட்டுகள் என்றால் புதிதாகக் குதிரையேறுகிறவர்கள். விழாமல் இருக்கக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். கொஞ்ச நாளில் பேகத்தின் வாய் காய்த்துப்போகும்.

டெல்லி கண்டோன்மென்டுக்கு வந்தபோது அவள் பந்தயத்தில் கழித்துவிட்ட குதிரை. பாரம் முழுவதையும் முன்னங்கால்களில் போட்டுக்கொண்டு ஓடத்தான் தெரியும். இடதுபக்கம் திருப்பினால் மரக்கட்டை. கேப்டன் நெல்லையப்பன் அவளை டிரெஸ்ஸேஜ் என்ற நடையழகுப் போட்டிக்குப் பழக்கினான். வட்டம், நிறுத்தம், மறுபடி வட்டம். பின்னங்கால்கள் மெல்ல வயிற்றுக்கடியில் வந்தன. முதுகு எழும்பியது. முன்பக்கம் லேசாயிற்று. இரண்டு வருஷ வேலை.

போட்டியில் மைதானத்தைச் சுற்றி எழுத்துப் பலகைகள் நட்டிருக்கும். எந்தப் பலகையில் என்ன செய்யவேண்டும் என்று ஓரத்தில் ஒருவர் உரக்கப் படிப்பார். பயிற்சியின்போது படித்தவள் அவன் மனைவி வடிவு. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, குதிரை பலகைக்கு நேரே வரும்வரை பார்த்திருந்து, "கேன்ட்டேர்" என்று நீட்டுவாள். பேகம் அந்த நொடியே பாய்ச்சலுக்கு எழும்புவாள். தன் காலழுத்தத்துக்குத்தான் எழும்புகிறாள் என்று நெல்லையப்பன் நம்பியிருந்தான்.

ஆகஸ்டில் வடிவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. பிழைக்கவில்லை. அதன்பிறகு அவன் யாரையும் படிக்கச் சொல்லவில்லை. மனப்பாடமாகவே ஓட்டினான். இன்று கர்னல் முன்னால் அவருடைய உதவி அதிகாரி அட்ஜுடன்ட் படித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பலகை இன்னும் எங்கேயோ இருக்க, சொல் காதில் விழுந்ததும் பேகம் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் வடிவின் அண்ணன் சிவஞானம் மயூர் விஹாரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கினார். குரங்குக் குல்லாய், கையில் டிபன் டப்பா. இங்கிருந்து நேரே ஆபீஸ் போகவேண்டும்.

"நான் என்ன செய்யணும் மாப்ள?"

"கேன்டர்னு சொல்லணும் மச்சான். கண்ட இடத்துல சொல்லுங்க. நான் அவள விடமாட்டேன்."

"பொய் சொல்லுததுக்கா என்னைய வரச்சொன்னிய? ஆபீஸ்ல நான் சொன்னா ஒருத்தன் அசைய மாட்டான். இங்க ஒரு குதிரையாவது கேக்கு. அதையும் கெடுக்கச் சொல்லுதிய."

ஆனாலும் சொன்னார். அண்ணனுக்கும் அதே இழுப்பு. பேகத்தின் காதுகள் விறைத்துத் திரும்பின. நெல்லையப்பனும் ஒரு கணம் வாளி கிடந்த பக்கம் திரும்பிவிட்டான். சேணத்தில் ஆழ உட்கார்ந்து அவளை அடக்கினான். கழுத்தைத் தட்டினான். மறுபடி நடத்தினான்.

வாரம் முழுக்க இதே வேலை. சிவஞானம் டீ குடித்துக்கொண்டே சொன்னார், தும்மிவிட்டுச் சொன்னார், பனியில் குதிரையே தெரியாதபோதும் சொன்னார். வெள்ளிக்கிழமை குல்லாயைக் கழற்றிவைத்துக் கேட்டார்.

"தங்கச்சி பழக்குனத அழிக்கணும்னுதான இவ்வளவும்?"

நெல்லையப்பன் சேணத்தின் வாரை இறுக்கினான். "அழிய வேண்டாம் மச்சான். என் காலுக்குக் காத்திருந்தா போதும்."

சிவஞானம் குல்லாயை மாட்டிக்கொண்டார்.

"அப்போ சரி. கேன்ட்டேர்."

ஞாயிற்றுக்கிழமை சிவஞானமும் வந்து ஓரமாக நின்றார். அவரைப் பார்த்ததும் கர்னலுக்கு விஷமம் பிடித்தது. "உன் மச்சானே படிக்கட்டும்," என்றார். ஆபீசர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் சிவஞானம் குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நடையும், டிராட் என்கிற துள்ளோட்டமும் ஒழுங்காகத்தான் படித்தார். கேன்டர் வரும்போது பதற்றத்தில் முந்திவிட்டார். குதிரை அப்போதுதான் மூலை திரும்பிக்கொண்டிருந்தது.

பேகத்தின் ஒரு காது அந்தக் குரலுக்குப் போயிற்று. பின்பகுதி தாழ்ந்து முதுகு உயர்ந்தது. கிளம்பத் தயாராக, அத்தனை பலமும் அவனுக்கடியில் திரண்டு நின்றது. கடிவாளத்தில் இழுப்பே இல்லை. டிராட்டின் தாளம் தவறாமல் அவள் பலகைவரை போனாள். காது மெல்ல அவன் பக்கம் திரும்பியது. நெல்லையப்பன் வெளிப்பக்கத்துக் காலைச் சற்றே பின்னால் அழுத்தினான். அலை எழுவதுபோல எழுந்தாள், முன்பக்கம் ஓங்கி, சத்தமில்லாமல். இந்தப் பாய்ச்சலை அவன் இதற்குமுன் ஒருநாளும் அவளிடம் உணர்ந்ததில்லை.

முடிந்ததும் கர்னல் சல்யூட்டை வாங்கிக்கொண்டார். "ரெக்ரூட்டுகளுக்கு வேறு குதிரை பார்க்கவேண்டும்," என்றார் அட்ஜுடன்டிடம்.

சிவஞானம் ஓடிவந்தார். "முந்திச் சொல்லிட்டேன் மாப்ள. கெட்டுப்போச்சா?"

"இல்ல மச்சான். அவளுக்கு நல்லாவே கேட்டுது. கேட்டும் நின்னா."

லாயத்துக்கு இடதுபக்கம் திரும்பினால் இரண்டு நிமிஷம். நெல்லையப்பன் கடிவாளத்தைத் தளர்த்தி வலதுபக்கம் திருப்பினான். ஆபீசர்கள் டீக்கு உட்கார்ந்திருந்த மெஸ் வராந்தாவைச் சுற்றி, அவசரமில்லாமல், பேகத்தை நடத்திக்கொண்டு போனான். எல்லாரும் பார்க்கட்டும்.