மாமனுக்குச் சேர வேண்டிய தலை

மௌன் ஊரில் டீரோவைப் போல ஒரு பிசுநாறியைப் பார்க்க முடியாது. மகள் மசேகோவின் கல்யாணத்தில் கறி கொஞ்சம் குறைந்ததும், பந்திக்கு வெட்டிய எருதின் தலையையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு விருந்தாளிகளுக்குப் போட்டுவிட்டான். அந்த ஊர் வழக்கப்படி அந்தத் தலை பெண்ணின் தாய்மாமனுக்கு உரியது. மாமன் மொலேபே தட்டில் வெறும் விலா எலும்பு வந்து விழுந்தது. அவன் எழுந்தான், தொப்பியை மாட்டினான், போய்விட்டான். இரண்டு வருஷமாக, டீரோவின் பெண்டாட்டியான அக்கா போனோலோவோடு பேச்சு இல்லை.

போன வாரம் அவனே கூப்பிட்டான். பக்கத்து நாடான நமீபியாவின் கரையில், வால்விஸ் பேயில் மீன்பிடிக் கப்பலில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் திரும்ப மாதக்கணக்காகும். "அதுக்குள்ள ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போக்கா" என்றான். போனோலோ போனை வைத்துவிட்டு முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டீரோ பயணத்தைத் தன் பாணியில் ஏற்பாடு செய்தான். ஓட்டல் கிடையாது, வண்டிக்குப் பின்னால் கூடாரம். கடைச் சாப்பாடு கிடையாது, வீட்டிலேயே பொரித்த மாவு உருண்டையும் பிளாஸ்க் தேநீரும். எல்லாவற்றுக்கும் அடியில், ஐஸ் பெட்டிக்குள், தன் தொழுவத்து எருதின் தலை. பழைய கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று அவனுக்குப் பெருமை.

மாட்டு நோய் பரவாமலிருக்க அரசாங்கம் போட்ட கால்நடை வேலியைத் தாண்டித் தெற்கே பச்சைக் கறி போகக்கூடாது என்பது மௌனில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். கூடாரத்துக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று இவன் நினைத்தான். வேலிக் கதவில் சோதனைக்கு நின்ற பெண் முதலில் தூக்கியதே கூடாரத்தைத்தான்.

"என்னய்யா, அந்தப் பக்கத்து மாட்டுக்கெல்லாம் கோமாரி வரணுமா? குழியில போடுங்க. இல்லைன்னா இங்கேயே நல்லா வேக வச்சு எடுத்துட்டுப் போங்க."

"போட்டுட்டு வாங்க, மசேகோ அப்பா. அங்க போய் ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றாள் போனோலோ.

"காசென்ன மரத்துலயா காய்க்குது? நம்ம எருது தலைதான் மரியாதை."

"அவன் எருது முகத்தையா கேட்டான்? என் முகத்தைத்தானே கேட்டான்!"

அவன் காதில் வாங்கவில்லை. மரியாதை என்று சொன்னது பாதி நிஜம்தான். மீதிப் பாதி, கடையில் தலை விற்கும் விலை. சாலையோரம் விறகு பொறுக்கினான், வேலிக்காரர்களிடம் பெரிய பானை இரவல் கேட்டான். எருதுத் தலை என்ன முட்டையா, வைத்ததும் வேக? போகிற லாரிக்காரன் ஒருவன் தலையை நீட்டி, "பெரியவரே, யாருக்குக் கல்யாணம்?" என்று கத்தினான். டீரோ சிரித்தான். போனோலோ வண்டிக்குள் கதவைத் திறந்து போட்டபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை வெந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கழுதையும் மாடும் படுத்துக்கிடக்கிற சாலையில் இருட்டில் போக முடியாது. அங்கேயே படுத்தார்கள்.

அப்படித் தொலைந்த ஒரு பகலை அடுத்த இரண்டு நாளும் விரட்டினார்கள், பிடிக்க முடியவில்லை. எல்லையைத் தாண்டியதும் ஐஸ் கரைந்துவிட்டது. ஒரு பெட்ரோல் நிலையத்தில், "புது ஐஸ் வாங்குங்க" என்றாள் அவள். "வெந்த கறிக்கு எதுக்கு ஐஸ்?" என்றான் இவன். பாலைவனத்து வெயில் இறங்குமுன் பெட்டி நாறத் தொடங்கியது. வண்டியை ஓரம் கட்டி, தலையைத் தூக்கி மணலில் எறிந்தான். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அப்போதுதான் அவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை, வால்விஸ் பேயில் மொலேபே தங்கியிருந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. வீட்டுக்காரி ஹில்மா கதவைத் திறந்தாள். போனோலோவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவர் அக்காவா? அடடா, இப்பதாம்மா கப்பல் போச்சு. மத்தியானத்துலேர்ந்து இந்த வாசல்லயேதான் நின்னார். கப்பல்லேர்ந்து ஆள் வந்து இழுத்துட்டுப் போற வரைக்கும் நின்னார்."

"ஏதாவது சொன்னானா?"

ஹில்மா டீரோவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சிரிச்சார். 'எங்க அக்கா வர்றேன்னா வந்துடுவா. அவ வீட்டுக்காரர்தான் வழியில எதையாவது மிச்சம் பிடிச்சிட்டு நிப்பார்'னார்."

டீரோவுக்கு உடம்பே கூசியது. போனோலோ வண்டிக்குப் போய்த் தன் பையை மட்டும் இறக்கினாள்.

"அவன் ரூம் காலியாத்தானே இருக்கு? அவன் திரும்பி வர்ற வரைக்கும் நான் இங்க இருக்கேன்மா" என்றாள் ஹில்மாவிடம்.

"மாசக்கணக்காகும்மா."

"ஆகட்டும்."

தப்பு என்மேல்தான், என்னை மன்னிச்சிடு, நானும் உன்கூடவே இருந்து அவன் காலில் விழுகிறேன் என்று சொல்லத்தான் டீரோ வாயைத் திறந்தான். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தான். ஆனால் ஆயுசு முழுக்கப் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"வாடகை எவ்வளவாம்?"

போனோலோ கோபப்படவில்லை. அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஹில்மாவின் பின்னால் உள்ளே போனாள்.