அமலம்மாள் நேர்ச்சைக்கு ஒரு மனு

மனு எழுதும்போது யார் எங்கே இருந்தார்கள் என்று முதலில் குறித்துக்கொள்வது என் வழக்கம். பிற்பாடு ஒருவர் வந்து, "நான் அப்படியா சொன்னேன்?" என்று கேட்டால் பதில் வேண்டுமே. அன்று காலை இருந்தவர்கள்: பினாங்கு சூலியா தெருவில் ஷேக் அலாவுதீனின் மளிகைக் கடைக்கு முன்னால், அஞ்சடி நடை என்கிற கூரை போட்ட நடைபாதையில், என் மேசைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் முக்காலியில், கப்பல் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் தொங்கான் படகுகளில் மூட்டை இறக்கும் சூசை. வாசற்படிக்கு உள்ளே அரிசி மூட்டைமேல் சாய்ந்தபடி ஷேக் அலாவுதீன்; எங்கள் எல்லாருக்கும் அவர் நானா. பிறகு வந்து சேர்ந்த தண்டல் கபிரியேல், நடைத் தூணை ஒட்டிய பலகையில், சூசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சூசை வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"முனிசிபல்ல ஒரு பெர்மிட் வேணும் ரைட்டரண்ணே. எங்க லயத்துக்கு எதுத்தாப்ல இருக்குற திடல்ல அசனம் போடணும்."

அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு ஊராருக்குச் சோறு போடுவதுதான் அசனம். நேர்ந்தது சூசையின் மனைவி அமலம்மாள். காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டாள், எழுந்திருக்கவில்லை. நேர்ந்தவர் போய்விட்டால் வீட்டுக்காரர் தீர்க்கவேண்டும். பிறத்தியார் வந்து உட்கார்ந்து உண்டால்தான் தீர்ந்ததாக அர்த்தம்.

"ஒங்க வூட்டு வாசல்லயே போடலாமே? அதுக்கு எதுக்கு வெள்ளக்காரன்கிட்ட போவணும்?" என்றார் ஷேக் அலாவுதீன்.

"போட்டேன் நானா, போன திருநாளுக்கு. ஆட்டுக்கறி, சோறு, எல்லாம் வச்சு எலையும் விரிச்சேன்."

"யாரு வந்தா?"

"காக்கா வந்துச்சு."

நானா சிரிக்க வாய் திறந்து, சூசையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். அப்புறம் பானையோட தூக்கிட்டுப் போயி கடல்ல கொட்டுனேன்."

காரணம் துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். கூலி உயர்வு கேட்டுத் தொங்கான்காரர்கள் வேலையை நிறுத்தியிருந்த வாரத்தில், அமலம்மாளின் மருந்துக்காகச் சூசை மட்டும் ஒரு சீனன் படகில் ஏறி மூட்டை தூக்கினார். கூட்டம் போட்டு அவரை ஒதுக்கிவைத்தார்கள். அவருக்கு நெருப்புக் கொடுப்பதில்லை, அவரிடம் தண்ணீர் வாங்குவதில்லை, பேச்சில்லை. அமலம்மாளின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் கூலிக்கு வந்த சீனர்கள்.

"என் வாசல மிதிக்க மாட்டாங்க, சரி. திடலு யாரு வாசலு? முனிசிபல் வாசலு. அங்க வச்ச சோறு என் வீட்டுச் சோறு இல்லையேண்ணே" என்றார் சூசை. இதை அவர் பல நாள் தனியாக யோசித்திருக்கவேண்டும். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இங்கிலீஷில் எழுதத் தொடங்கினேன். இடம், நாள், காரியம் என்று ஒவ்வொன்றாக எழுதி, மனுதாரர் பெயர் என்ற இடத்தில் சூசையின் பெயரைப் போட்டேன். அடுப்பு மூட்டுவதால் நெருப்புக்கு யார் பொறுப்பு என்பதற்கு ஒரு பத்தி. அதை முடிக்கும்போதுதான் தண்டல் கபிரியேல் வந்தார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் படகுக்காரர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். நாகப்பட்டினத்துத் தம்பிக்குக் கடுதாசி எழுத வந்தவர், முக்காலியில் இருந்த ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவுமில்லை, கிட்டே வரவுமில்லை.

"என்ன மனு ரைட்டரே?"

சொன்னேன். அவர் பலகையில் உட்கார்ந்து தூணின் பக்கம் திரும்பினார். ஒதுக்கிவைத்தவனோடு பேசினால் பேசியவருக்கும் அதே தண்டனை. தூணோடு பேசுவதற்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

"தூணே, கேட்டுக்க. பெர்மிட்டப் பந்தக்கால்ல ஒட்டச் சொல்லுவான். எங்காளுங்கள்ல படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தாப் போதும். யாரு பேர்ல சோறுன்னு கேட்டுட்டுத்தான் எலையில உக்காருவாங்க."

"அல்லாவே, எங்க கடைத் தூணுக்குக் காது மொளச்சிருக்குலா!" என்றார் நானா.

சூசையும் தூணைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அப்ப என் பேரு இல்லாட்டி உக்காருவாங்களா தூணே?"

"அமலம்மா காச்சுன கஞ்சியக் குடிச்சவனுங்கதான் அம்புட்டுப் பேரும். அந்தப் புள்ள மேல எவனுக்கும் வருத்தம் இல்ல தூணே."

"வருத்தம் இல்லாதவங்க அடக்கத்துக்கு ஏன் வரல? அதையும் கேட்டுச் சொல்லு."

கபிரியேல் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் ஒரு ரிக்‌ஷா போயிற்று.

அடுத்து வாய் திறந்தவர் நானாதான். "எம் பேரப் போடு ரைட்டரு. முனிசிபலுக்கு வரி கட்டுறவன், எம் பேருக்கு மறுப்பு சொல்ல மாட்டான். அந்தோணியாருக்கு அலாவுதீன் மனுப் போட்டான்னு பினாங்கே சிரிக்கட்டும். ஆனா ஒண்ணு, ஆட்ட எங்காளு அறுக்கணும். எம் பேர்ல போடுற சோத்த நானும் திங்கணுமுல்ல?"

"நேந்தது அவ. தீக்குறது நான். பேரு மட்டும் உங்களுதா நானா?" சூசையின் குரல் இறங்கிவிட்டது.

"காரியம் என்ற இடத்தில் காலஞ்சென்ற அமலம்மாளின் நேர்ச்சை என்று எழுதுகிறேன். அவள் பெயர் இருக்கும்" என்றேன்.

அவர் அதை மனதுக்குள் வைத்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் தூணிடம், ஏறக்குறையக் கெஞ்சலாக, "கறிக்கொழம்பு மட்டும் நான் ஊத்தலாமா தூணே? பேசமாட்டேன். எலையப் பாத்து ஊத்திட்டுப் போயிட்டே இருப்பேன்."

கபிரியேல் எழுந்து தலைப்பாகையைக் கட்டினார். கட்டி முடிக்க வழக்கத்தைவிட நேரமாயிற்று.

"கரண்டி புடிச்ச கையப் பாத்தா எந்திரிச்சிருவாங்க தூணே. அவன் அங்க இல்லேன்னா நானே மொதல் எலையில உக்காருறேன்." என்னிடம் திரும்பி, "என் கடுதாசி நாளைக்கி எழுதிக்கலாம் ரைட்டரே" என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் நடந்தார்.

அடித்துத் திருத்திய மனுவை ஆபீஸில் வாங்கமாட்டார்கள். புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன். மனுதாரர் ஷேக் அலாவுதீன். நெருப்புக்குப் பொறுப்பு ஷேக் அலாவுதீன். எத்தனை பேர் வருவார்கள் என்று ஒரு வரி எழுதவேண்டும்; சூசையைக் கேட்டேன்.

"லயம் முழுக்கப் போடுங்க. என்னச் சேக்காம."

"அன்னிக்கு எங்க இருப்ப?" என்று நானா கேட்டார்.

"கடலுக்கு அக்கரையில பிறைக்கு ஒரு சரக்குப் படகு போவும். அதுல வேல கேட்டுக்குறேன். அங்க இருந்தா, போவலாமா வேணாமான்னு மனசு அலையாதுல்ல."

"சோறு வெந்ததும் மணியடிப்பாங்களே. பிறை வரைக்கும் கேக்காதேப்பா."

"கேக்காதுதான் நானா."

எழுதியதை அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அமலம்மாள் பெயர் வந்த இடத்தை மறுபடி சொல்லச் சொன்னார். எந்த வரி என்று கேட்டு, அதன்மேல் படாமல் விரலை நகர்த்திப் பார்த்தார். நானா கையெழுத்துப் போட்டார். கைப்பழக்கத்தில் நான் கைநாட்டு மைப்பெட்டியைத் திறந்துவிட்டேன். சூசை பெருவிரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"இதுக்குக் கைநாட்டு வேண்டாம், சூசை" என்றேன்.

நீட்டிய விரலை என்ன செய்வது என்று தெரியாதவர்போல் சற்று அப்படியே வைத்திருந்தார். பின்பு கையை மடியில் போட்டுக்கொண்டார். நான் பெட்டியை மூடினேன்.

தாளை மடித்து உறையில் இட்டேன். அரக்கை மெழுகுவர்த்தியில் காட்டி, சொட்டவிட்டு, முத்திரையை அழுத்தினேன். அரக்கு ஆறும்வரை உறையைச் சூசைதான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கடைக் கணக்கப்பிள்ளை பாடாங் மைதானத்துப் பக்கம் போகப் புறப்பட்டார். அங்கே முனிசிபல் ஆபீஸில் சேர்த்துவிடும்படி நானா சொன்னார். சூசை எழுந்து நின்று உறையைக் கொடுத்தார். கணக்கப்பிள்ளை அதைச் சட்டைக்குள் வைத்து, குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.