துரைக்குத் தொண்டை கட்டவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு துணிக்கொடியிலிருந்து கிடைத்தது. பேருந்து சிக்னலில் நின்றபோது எதிர்மாடியில் ஏழு ரோமத் தோல்கள் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. காதுகள் இருந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்றுக்கு வரிக்குதிரை மாதிரி வரிகள். எந்த ஜீவன்களோ பாவம், நல்ல கதி கொடு என்று கடவுளிடம் அவசரமாக ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அதற்குள் ஓர் ஆள் மாடிக்கு வந்து அவற்றை ஒவ்வொன்றாகச் சீப்பால் வாரிவிட்டு, ஒன்றின் நெற்றியில் முத்தமும் கொடுத்துவிட்டுப் போனார். பொம்மைத் தோல்கள். பிரார்த்தனையை நான் திரும்பப் பெறவில்லை. கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வரி எழுதினேன்: "அக்கா ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் அது கண்ணைத் திறந்து, 'தூக்கம் வருது' என்றது." நல்ல வரிதான். ஆனால் கொலைக் கதை மாதிரி இருக்கிறது. இரண்டாவதாக எழுதியது: "தனிமை என்பது நவீன மனிதனின்…"

வேண்டாம். எனக்கே தூக்கம் வருகிறது. நேராக ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

2

அக்காவுக்கு வேலை காது மிஷின் கடையில். காது கேட்காதவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவிகளைத் திறந்து, துடைத்து, சரிசெய்து கொடுப்பாள். அவள் தம்பி சலூன் வைத்திருக்கிறான். வார இறுதியில் இருவரும் சேர்ந்து வீட்டில் பார்ப்பது பொம்மை வேலை. ஆந்தைக்கும் பூனைக்கும் நடுவில் ஏதோ ஒன்றைப் போலிருக்கும் ரோமப் பொம்மைகள். உள்ளே பேட்டரி, வெளியே வாய்த்துடுக்கு. முதுகைத் தடவினால் சிரிக்கும், அலகில் விரல் வைத்தால் ஏப்பம் விடும், யாரும் கண்டுகொள்ளாவிட்டால் பாட ஆரம்பித்துவிடும்.

உள்வேலை அக்காவுடையது. அடிப்பக்கத் தையலைப் பிரித்து, குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல் தலைவழியாகத் தோலை உருவி எடுப்பாள். பேட்டரி கசிந்த பச்சைக் கறையை வினிகரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைப்பாள்.* கண்ணையும் காதையும் அலகையும் ஆட்டுவது உள்ளேயிருக்கும் ஒரே ஒரு மோட்டார்தான். அதன் பல்சக்கரத்தில் சிக்கிய முடியை இடுக்கியால் எடுப்பாள். வெளிவேலை தம்பியுடையது: ஷாம்பூ, நிழலில் உலர்த்துதல், சாயம், இமைமயிர், கொம்பு. போன மாதம் ஒரு பல் டாக்டர் தன் பொம்மைக்குப் பல்வரிசை வேண்டுமென்று கேட்டு, முன்னால் ஒன்று மட்டும் சொத்தையாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

(* கடையில் இதே குச்சியைக் காட்டி, "இதைத் தயவுசெய்து காதுல விடாதீங்க" என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்பவளும் இவள்தான்.)

3

சனிக்கிழமை காலை ஒரு பெண்மணி கூடையோடு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பாடப்புத்தகங்களுக்கு வீட்டிலிருந்தே பிழைதிருத்துகிறவர். விடுபட்ட ஒரு புள்ளியைப் பக்கத்தின் மறுகோடியிலிருந்தே பிடித்துவிடும் கண்கள். (இந்தக் கதை அவர் கையில் கிடைத்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஒவ்வொரு ஒற்றெழுத்தையும் இருமுறை சரிபார்க்கிறேன்.)

"இவர் துரை," என்று கூடைத் துணியை விலக்கினார். "பன்னிரண்டு வருஷமா என்கூட இருக்கார். நல்லாக் குளிப்பாட்டணும். தலையில ஊதா கலர்ல ஒரு கொண்டை வேணும்."

"கத்திரிக்காய் ஊதாவா, திராட்சை ஊதாவா?" என்றான் தம்பி.

"பாத்ததுமே எங்க வீட்டுக்காரருக்குப் பத்திக்கிட்டு வரணும். அந்த ஊதா."

"புரிஞ்சுபோச்சு மேடம்."

அந்த நொடியிலிருந்து அவர் ஊதா மேடம் ஆகிவிட்டார்.

"முக்கியமான விஷயம் இவரோட தொண்டை," என்றார் அவர். "ஒரு வருஷமாவே கட்டிருக்கு. முன்னல்லாம் சமையலறையில இருந்தாலும் கேட்கும். இப்ப மடியில வெச்சுக்கிட்டாத்தான் என்ன சொல்றார்னே தெரியுது. பகல் பூரா இவர்தான் எனக்குத் துணை. சத்தத்தைக் கூட்டித் தரணும்."

"ஸ்பீக்கர் போயிருக்கும். நான் பாத்துக்கறேன், கவலையே படாதீங்க," என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வாக்குக் கொடுத்து முடிக்கவில்லை, துரை கண்ணைத் திறந்து, "கிச்சுகிச்சு!" என்று வீடே அதிரக் கீச்சிட்டார். தம்பியின் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"பாத்தீங்களா," என்றார் ஊதா மேடம் வருத்தத்தோடு. "முனகுறார்."

4

அக்கா துரையைப் பிரித்துப் பார்த்தாள். ஸ்பீக்கர் புதிதுபோல் இருந்தது. கடையிலிருந்து சத்தம் அளக்கும் கருவியைக் கொண்டுவந்து, மேசையில் தோலில்லாமல் உட்கார்ந்திருந்த மற்ற நான்கு பொம்மைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஐந்தும் சேர்ந்து கத்திய அந்தக் கால் மணி நேரத்தில் தம்பி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். முடிவு தெளிவாக இருந்தது. இருப்பதிலேயே உரத்த குரல் துரையுடையதுதான்.

செவி மங்கத் தொடங்கினால் கீச்சுக் குரல்கள்தான் காதை விட்டு முதலில் நழுவும். இது அக்காவுக்குத் தெரியும். தினமும் அவள் கையில் புழங்கும் விஷயம்.

ஞாயிறு காலை ரொட்டிக்காரர் வந்தார். ஊதா மேடத்தின் கணவர். இரவெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டுப் பகலில் தூங்குகிறவர்.

(முதல் வரைவில் இவரைக் கடுகடுப்பான ஆளாகத்தான் எழுதினேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டாமா? ஆனால் வாசலில் வந்து நின்றவரின் புருவம் இரண்டிலும் மாவு ஒட்டியிருந்தது. கையில் சூடான பன் பொட்டலம் வேறு. மாவுப் புருவக்காரரை வில்லனாக்க எனக்குத் தெம்பில்லை.)

"நான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்மா," என்றார். "அந்தத் துரையோட வாயை மட்டும் அடைச்சுக் குடுத்துடுங்க. ஏதாவது ஒரு ஒயரைப் பிடுங்கிட்டா போதும்."

"தூங்க முடியலையா சார்?"

"தூக்கம் கிடக்கட்டும்." பன் பொட்டலத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டார். "அவ அதுகூடத்தான் பேசறா. நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. முப்பது வருஷக் குடித்தனம். என்ன தப்பு பண்ணேன்னு சொன்னாலாவது மன்னிப்பு கேட்டுடுவேன். பொம்மைக்கு இருக்கிற மரியாதை…"

அக்கா மெதுவாகக் கேட்டாள். "எங்கிருந்து கூப்பிடுவீங்க?"

"எங்கிருந்துன்னா? படுக்கையிலிருந்துதான். அவ எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எழுதிட்டிருப்பா."

"எதிர்ல உட்கார்ந்து பேசினா?"

ரொட்டிக்காரர் யோசித்தார். "அப்ப நல்லாத்தான் பேசறா. வாயையே பாத்துக்கிட்டு, சின்னப் பொண்ணு மாதிரி கேக்கறா."

உண்மை அக்காவின் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அது ஊதா மேடத்தின் காது. முதலில் அவருக்குத்தான் தெரிய வேண்டும்.

"ஒரு வாரம் பொறுங்க சார். அவங்க உங்க மேல கோபமா இல்ல. இது மட்டும் என்னால சொல்ல முடியும்."

"பொம்மையைப் பிரிச்சா அதெல்லாம் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

அவர் போனதும் துரை, எலும்பும் ஒயருமாய் உட்கார்ந்திருந்த நிலையிலேயே ஏப்பம் விட்டார்.

5

இங்கேதான் நான் நான்கு நாள் மாட்டிக்கொண்டேன்.

சுலபமான வழி ஒன்று இருந்தது. துரைக்குள் ஒரு சின்னப் பாகத்தை மாற்றினால் சத்தம் இரட்டிப்பாகும். பத்து நிமிட வேலை. கொடுத்த வாக்கும் நிறைவேறும். கேட்டதைக் கொடுப்பதுதான் அன்பு என்று இத்தனை நாளாக எழுதிவந்தவன் நான். அதனால் அந்த முடிவையே எழுதினேன். ஊதா மேடம் மகிழ்ந்தார். ரொட்டிக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு மாவு மூட்டைகளுக்கு நடுவே குடியேறினார். மனைவி இன்னும் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றே நினைத்துக்கொண்டு… தாளைக் கிழித்துவிட்டேன்.

அடுத்து நேர்மையான முடிவு. "கோளாறு துரைகிட்ட இல்ல மேடம், உங்க காதுலதான்," என்று அக்கா போட்டு உடைக்கிறாள். ஊதா மேடம் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறார். கொண்டையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இது உண்மைதான். ஆனால் இதை எழுதிய அன்று என்னால் நிம்மதியாகப் பிரார்த்தனை செய்ய முடியவில்லை.

மூன்றாவதில் துரையே உண்மையைச் சொல்லிவிடுகிறார். அதை வெட்கத்தோடு மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

என் தொல்லை இருக்கட்டும், அக்காவின் தொல்லையைப் பாருங்கள். பதினெட்டு வருடமாகக் காது மிஷின்களோடுதான் அவள் வாழ்க்கை. ஆனால் "உங்களுக்குக் காது குறைந்திருக்கிறது" என்று ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை. அதை மாடியில் இருக்கும் டாக்டர் சொல்வார். கீழே அவளிடம் வரும்போது ஆட்கள் அழுது முடித்திருப்பார்கள்.

"நீ சொல்லேன்டா," என்றாள் தம்பியிடம்.

"நானா? வழுக்கை விழுதுன்னு சொல்றதுக்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். 'நெத்தி நல்லா விசாலமாகுது சார்'னுதான் சொல்வேன்."

"அப்ப நான் என்னன்னு சொல்லட்டும்? 'துரை பக்கம் குத்தம் இல்ல'ன்னா?"

"சொல்லு. ஆனா மொதல்ல கொண்டையைக் காட்டிடு. கொண்டையைப் பாத்தவங்களுக்கு மனசு இளகிப்போயிடும்."

6

அடுத்த சனிக்கிழமை. துரை குளித்து, உலர்ந்து, தோல் மாட்டி, தையல் போட்டு மேசையில் வீற்றிருந்தார். தலையில் ஊதாக் கொண்டை. அதை எப்படி வர்ணிப்பது? கத்திரிக்காயும் திராட்சையும் சண்டை போட்டுச் சமாதானமான நிறம். ஒரு சாண் உயரம். நுனியில் சுருள்.

ஊதா மேடம் வாசலில் நுழைந்ததும் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் இன்னிக்குச் சாப்பிட மாட்டார்."

"அதுக்குத்தான மேடம் பாடுபட்டோம்."

அவர் துரையின் முன் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா அவருக்குப் பின்னால், கதவோரம் நின்றாள். ஒருமுறையாவது உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு. சாதாரணக் குரலில், "மேடம்," என்றாள்.

ஊதா மேடம் துரையின் கொண்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். படுக்கையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கும் ஒரு மனிதரை அக்கா நினைத்துக்கொண்டாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்தாள். ஊதா மேடத்தின் பார்வை உடனே அவள் உதட்டுக்கு வந்தது.

"என்னம்மா, தொண்டை சரியாப்போச்சா?"

அக்கா வாயைத் திறந்தாள்.

துரை முந்திக்கொண்டார். அலகைப் பிளந்து, கொண்டை ஆட, நீண்ட, நிதானமான, பெரிய மனுஷத்தனமான ஓர் ஏப்பம். ஊதா மேடம் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தம்பியும் சிரித்தான். கடைசியில் அக்காவும்.

7

அக்கா சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதற்காக நான் எழுதிப் பார்த்தவை:

"மேடம், எங்க கடைக்கு ஒரு தடவை…"

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்…" (பொய். அவள் அம்மாவுக்கு அடுத்த தெரு ரகசியமும் கேட்கும்.)

"உங்க வீட்டுக்காரர் உங்களை எத்தனை தடவை கூப்பிடுறார்னு…"

எதையும் முடிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் என் குரல்தான் கேட்கிறது, உபதேசம் செய்கிற குரல். இந்த வாக்கியத்துக்கு அது உதவாது. உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் இப்போதெல்லாம் டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கலாம். அவர் முகம் நினைவுக்கு வந்தால், அவரிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே அக்காவுக்கும் சொல்லிக்கொடுங்கள். என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும்.

அக்கா தயாராக இருக்கிறாள். அவள் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. ஊதா மேடம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவசரமில்லை.