ஆறாம் அத்தியாயம்

சன்னிவேலில் கணினிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் தலைவர் ரஸ்ஸல் எங்ஸ்ட்ரம். பன்னிரண்டு வருஷம் நான் அவருடைய காரியதரிசி. நிர்வாகம் பற்றி அவர் எழுதிய முதல் புத்தகம் நன்றாக விற்றது. மேலாளரின் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். அவருடைய கதவும் திறந்தேதான் இருந்தது. யாரும் உள்ளே வருவதில்லை. மதியம் கேன்டீனில் அவர் தட்டோடு வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் அவசரமாகச் சாப்பிட்டு முடிப்பார்கள்.

1988இல் இரண்டாவது புத்தகத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஆறாம் அத்தியாயம், நண்பனை வேலையிலிருந்து அனுப்புவது எப்படி என்பது. கம்பெனியை அவரோடு சேர்ந்து தொடங்கிய வின்ஸ் பச்சேக்கோவை ஆறு வருஷம் முன்பு அனுப்பிய கதைதான் அது. ‘அவன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான்’ என்று முடிந்தது.

“வின்ஸ் நன்றி சொல்லலை, ரஸ்” என்றேன். “நான் வாசல்லதானே உட்கார்ந்திருந்தேன்.”

“சொன்னான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“அப்ப அவர்கிட்டயே கேளுங்க.”

அந்தச் சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு மாஸ் லேண்டிங் துறைமுகத்துக்குப் போனார். வின்ஸ் அங்கே படகு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஒரு படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தவர், ரஸ் வாசித்துக் காட்டியதைக் கையை நிறுத்தாமல் கேட்டார்.

“நன்றியா? உன் சட்டையில கடுகு சாஸ் ஒட்டியிருந்துச்சு. அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். நீ பேசினது எதுவும் காதுல விழல.”

“கை கொடுத்தியே.”

“நீ நீட்டின. வேற என்ன பண்றது?” என்றவர் நிமிர்ந்தார். “ஆறு வருஷத்துல ஒரு போன் பண்ணினியாடா?”

“என்ன சொல்றதுன்னு தெரியல.”

“புக்கு மட்டும் எழுதத் தெரியுதாக்கும்.”

உள்ளேயிருந்து வின்ஸின் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். “லொரெய்ன், நீ சாப்பிட்டுட்டுப் போ” என்று வின்ஸ் என்னிடம் சொன்னார். ரஸ் பக்கம் திரும்பவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன்.

திங்கட்கிழமை கடைசிப் பத்தியை மாற்றிக் கொடுத்தார். ‘அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.’ பதிப்பாளர் நியூயார்க்கிலிருந்து கூப்பிட்டு, இதில் வாசகருக்கு என்ன பாடம் என்று கேட்டார். “ஒண்ணும் இல்லை” என்றார் ரஸ். புத்தகம் அந்த அத்தியாயம் இல்லாமல் வெளிவந்தது. தட்டச்சு செய்த தாள்களை வின்ஸுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பதில் வரவில்லை.

அடுத்த வருஷம் ரஸ் ஓய்வு பெற்றார். சில மாதம் கழித்து வின்ஸ் எனக்குப் போன் செய்தார்.

“உங்க ஆளு வெள்ளிக்கிழமை தவறாம இங்க வர்றான். கார்லயே உட்கார்ந்து தண்ணியைப் பார்க்கிறான், போயிடறான்.”

“நீங்க போய்ப் பேசலாமே?”

“நானா போகணும்?” என்று வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் பொறுத்து நானே வின்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“போனேன். பக்கத்து சீட்ல அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.”

“என்ன பேசினீங்க?”

“ஒண்ணும் பேசல. கார்ல ஹீட்டர் வேலை செய்யல. குளிர்ல நடுங்கிட்டிருந்தான். அதைச் சரி பண்ணிக் கொடுத்தேன்.”